மூன்றாம் தட்டு

குளச்சல்
12.6.2014

அன்புள்ள நந்தனாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். இதய நோய் ஆராய்ச்சிக்குத் தோல் கொடுத்தவர்களின் குடும்பங்களைப் போன சனிக்கிழமை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து ஆய்வுக்கூடத்தைக் காட்டியதற்கு நன்றி. சாயாவில் சீனி அதிகம். வயதானவர்களை முதுகு சாயாத ஸ்டூலில் உட்காரவைத்தது அதைவிடத் தப்பு. உங்கள் பேராசிரியரிடம் சொல்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதரின் கைத்தோலில் துளி எடுத்து, அது கருவில் இருந்த நாளுக்குத் திரும்பக் கொண்டுபோய், அங்கிருந்து இதயமாக வளர்க்கிறோம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். உடல் இல்லை, இரத்தம் இல்லை, துடிக்கிறது. என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

நீ காட்டிய மூன்று கண்ணாடித் தட்டுகளில் முதல் இரண்டும் கடிகாரம்போல் துடித்தன. மூன்றாவது அப்படி இல்லை. மூன்று துடிப்பு, ஒரு நிறுத்தம், பிறகு அவசரமாக இரண்டு. முப்பத்தெட்டு வருடம் அந்த நெஞ்சில் காது வைத்துப் படுத்தவள் நான். என் கணவர் மரியஜான் 2010-இல் உங்களுக்குத் தோல் கொடுத்தார். அடுத்த வருடம் எங்கள் ஐஸ் பிளான்ட் வாசலில் நின்றபடியே விழுந்து இறந்தார்.

அது அவர்தானா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது. விளக்கம் வேண்டாம்.

ரீத்தா மரியஜான்


திருவனந்தபுரம்
21.6.2014

மதிப்புக்குரிய ரீத்தா அம்மாவுக்கு,

இரண்டில் எதையும் எழுத எனக்கு வழியில்லை. தட்டுகளில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை நானே பார்க்கக் கூடாது. நீங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், உறையவைத்திருக்கும் அவருடைய செல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்த எண்ணை உங்களுக்குத் தெரிவிப்பார்கள். தெரிந்துகொள்ள அந்த ஒரு வழிதான். படிவத்தை இணைத்திருக்கிறேன்; மறைக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்றாம் தட்டைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கியிருந்தோம். என் கைப்பிழை என்றே நினைத்தேன். நீங்கள் வந்த அன்று கொட்டியிருக்க வேண்டியது, பரபரப்பில் மறந்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்தபின், அதே எண்ணில் முன்பு வளர்த்த தட்டுகளின் வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்று, நிறுத்தம், இரண்டு. பிழையே இல்லை அம்மா. நான்கு வருடமாக நாங்கள் தேடிய நோய் கண்முன்னால் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பூதப்பாண்டியில் என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்த அம்மைக்க காதைக் கும்பிடணும் மக்கா" என்றாள்.

அன்புடன்,
நந்தனா


குளச்சல்
9.8.2014

அன்புள்ள நந்தனாவுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. படிவத்தை நிரப்பினேன். அழித்தாலும் மிச்சத்தை வாங்கிவந்து கல்லறையில் அவரோடு வைத்துவிடலாம் என்று பங்குச் சாமியாரிடமும் பேசிவிட்டேன். ஆயுசெல்லாம் ஐஸ் விற்ற மனிதரை நீங்கள் உறையவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கையெழுத்து மட்டும் போடவில்லை.

அதற்குள் என் மகன் பெனிட்டோ குவைத்திலிருந்து விடுப்பில் வந்தான். முப்பத்து நான்கு வயது. செவ்வாய்க்கிழமை மீன்கறியும் சோறும் தின்றுவிட்டு ஹாலில் உறங்கினான். போய் நெஞ்சில் காது வைத்தேன். விழித்துக்கொண்டான்.

"என்னம்மா, நான் என்ன பால் குடிக்க பிள்ளையா?"

"மிண்டாம கெடல" என்று அவன் வாயைப் பொத்தினேன்.

மூன்று. நிறுத்தம். இரண்டு.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னால், "அப்பாகிட்ட பைக் கேட்டேன், தரல. இதைத் தந்திருக்காரு பாரு" என்று சிரிக்கிறான். பயந்தால் சிரிப்பான். வியாழக்கிழமை இதய டாக்டரிடம் போகிறோம். அவன் தோலும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

மூன்றாம் தட்டை மட்டும் கெட்டது என்று சொல்லாதே.

ரீத்தா மரியஜான்


திருவனந்தபுரம்
3.11.2015

அன்புள்ள ரீத்தா அம்மாவுக்கு,

எட்டு மருந்துகள் தோற்றன. இன்று காலை ஒன்பதாவதைச் செலுத்தினோம். அந்த எண்ணின் தட்டில் நிறுத்தம் இல்லை. நூறு வரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை, கண் மங்கிவிட்டது. பேராசிரியர் எழுந்து நின்றபடியே பார்த்தார்.

மனிதருக்குக் கொடுக்கப் பல வருடம் ஆகலாம். கொடுக்க முடியாமலும் போகலாம். பெனிட்டோ அண்ணன் இப்போதைய மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆனால் வழி தெரிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே எண்ணின் ஒரு தட்டை மருந்தில்லாமல் அப்படியே விடுவது எங்கள் முறை. இந்த மாதக் கடைசியில் சோதனை முடிந்ததும் அதைக் கொட்டிவிடுவோம்.

முதுகு சாயும் நாற்காலிகள் வாங்கியாயிற்று.

அன்புடன்,
நந்தனா


குளச்சல்
10.11.2015

அன்பு மகள் நந்தனாவுக்கு,

பெனிட்டோ குவைத்தை விட்டுவிட்டு இப்போது அப்பாவின் ஐஸ் பிளான்டைப் பார்க்கிறான். அங்கேயே போய் உன் கடிதத்தை வாசித்தேன். "இன்னொரு தடவ வாசிம்மா" என்றான். சிரிக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு, திருவனந்தபுரம் இருக்கும் திசைக்கும் ஒருமுறை திரும்பி நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அது அவர்தானா என்று இனிக் கேட்க மாட்டேன். வேறொன்று கேட்கிறேன். மருந்து கொடுக்காத அந்தத் தட்டைக் கொட்டும் முன் எனக்குச் சொல். காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். மூன்றுக்குப் பிறகு ஒரு கணம் நிற்பாரே, அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன்
ரீத்தா அம்மா