கத்தரி கையில் இருக்கும்போதே

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்று எழுதிவிடுவாய். அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை.

மூன்று நாள் உன்னோடு இருந்ததில் எனக்குப் பொறுக்கவில்லையடா. காலை ஒன்பது மணிக்குள் ஆறு தடவை கழிப்பறை. கேட்டால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். என்ன பெரிய விருந்து சாப்பிட்டாய்? இரண்டு பிஸ்கட்! சலூனில் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். போன மாதம் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்துவிட்டுக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாயாம். அந்த மனுஷன் நுரையோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். உன் முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வேலை அதிகம் என்று வராமல் இருந்தாயே, ஐந்து மணி நேர பஸ்ஸுக்குப் பயந்துதான் வரவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. ஒரு வருஷமாக உன்னைத் திட்டித் தீர்த்தேன், பாவி நான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டார்! வேறு தொந்தரவு உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றுமில்லை, ஜோராக இருக்கிறேன் என்றாய். நான் வாயைத் திறக்கப்போனால் காலை மிதித்தாய். இன்னும் வலிக்கிறது. வெளியே வந்து கேட்டதற்கு, உயிரைக் காப்பாற்றியவரிடம் போய் வயிற்றுப்போக்கு என்று மூக்கால் அழுவதா, அந்த அம்மா முகம் வாடிவிடும் என்றாய்.

மறுநாள் அலமாரியைத் துடைத்தபோது அந்தப் பழைய பவுடர் டப்பா கிடைத்தது. உள்ளே பதினோரு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், அன்று மட்டும் விழுங்காவிட்டால் வயிறு அடங்கும் என்று நீயே வைத்தியனாகிவிட்டாயா? எய்ட்ஸ் முற்றி எலும்பும் தோலுமாகக் கிடந்தாயே, அன்று டாக்டரம்மா என்ன சொன்னார்? ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் நோய் திரும்பி வரும், பிறகு இந்த மாத்திரைக்கும் அடங்காது என்றார். நானும் பக்கத்தில்தானே நின்றேன்.

இங்கே மருந்துக்கடைக்காரரிடம் யாருக்கோ என்று சொல்லி விசாரித்தேன். வயிறு கிருமியாலும் போகலாம், மாத்திரையாலும் போகலாம், சோதித்தால் தெரிந்துவிடும், மாத்திரையை மாற்றவும் வழி உண்டு என்றார். ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டுமே என்றார்.

தொழில் பழகிய நாளிலிருந்து உனக்கு ஒரே புலம்பல். முடிவெட்ட வருகிறவன் கண்ணாடியைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான், மறுநாள் அடுத்த கடையில் போய்த் திருத்திக்கொள்கிறான், கத்தரி என் கையில் இருக்கும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன என்று எத்தனை தடவை என்னிடம் குதித்திருப்பாய்! இப்போது நீ செய்வது மட்டும் என்னவாம்?

திங்கட்கிழமையே டாக்டரம்மாவிடம் போ. எத்தனை தடவை, எத்தனை மாதமாக, அந்தப் பவுடர் டப்பா, எல்லாவற்றையும் சொல். வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார். மகளுக்கு இது ஐந்தாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முதன்முதலாக முடிவெட்ட வேறு எவனையும் விடமாட்டேன். நீ பஸ் ஏறி வர வேண்டும்.

நன்றாக இரு என்று வாழ்த்தி முடிக்கலாம் என்றால், அந்த வார்த்தையையே நீ கெடுத்து வைத்திருக்கிறாய். கூடப்பிறந்தவன் என்று எனக்கு நீ ஒருத்தன்தான். கத்தரி இப்போது அந்த அம்மா கையில் இருக்கிறது. சொல்லிவிடுடா.

உன் அக்கா