மல்லி வாங்கப் போனவன்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் நல்ல வெயில், மூன்று மணிக்கு மழை. பல்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் திரும்பவும் நனைந்தது. என் பிழைதான். தடிமன் விட்டபாடில்லை.

வாங்க: மல்லித்தண்ணிக்கு மல்லி, வேர்க்கொம்பு, பனங்கட்டி; குளியலறைக்கு பல்ப்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சாள் ரதியின் ஃபோன். "உன்ர தம்பி வியாழன் வாறானாம். சிநேகிதன்ர கல்யாணம். ஹோட்டலிலதான் நிக்கிறானாம். உனக்குச் சொன்னவனே?"

"ஓம், ஓம்" என்றேன். பச்சைப் பொய்.

நாங்கள் கதைத்து ஒரு வருடமும் மூன்று மாதமும். அம்மாவின் திவசத்துக்கு வர லீவு இல்லை என்றான். "உனக்குக் கனடா காணும், அம்மா என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டேன். "சரி அக்கா" என்று வைத்தவன்தான். வைத்துவிட்டு அழுதிருப்பான். எனக்குத் தெரியாதா அவனை?

ஒக்டோபர் 15, புதன்

லேன் முனைக் கடை. எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெண், பிள்ளைக்குச் சளி என்று கொத்தமல்லி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொகத மிஸ்?" என்றார் கடைக்காரர். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

அப்போது தம்பிக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. முதல்முதலாகத் தனியே கடைக்குப் போகிறான். சிங்களம் சொல்லிக்கொடுத்தது நான், பெரிய பண்டிதை. "மல்லி தியெனவத எண்டு கேள்." கொத்தமல்லி என்றிருந்தால் கடை முதலாளிக்கு விளங்கியிருக்கும். எங்கள் வீட்டில் வெறும் மல்லிதான். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி என்பது அந்த நேரம் எனக்கு ஓடவில்லை. தம்பி இருக்கா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான், பாவம்.

"தியெனவா! ஒயா தமய் மல்லி!" இருக்கு, நீதான் தம்பி. கடையே சிரித்ததாம். வெறும் பையோடு அழுதுகொண்டு வந்தான். "அம்மா, மல்லி நான்தானாம்."

அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர் மல்லி. வெளி ஆட்களுக்கு முன்னால் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். இரண்டு தரம் மீறியிருக்கிறேன்.

பல்ப் வாங்க மறந்துபோனேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

நேற்றே வந்திருப்பான். மத்தியானம் இவர்: "ஒருக்கா எடுத்துக் கதையுமன். என்ன குறைஞ்சு போவீர்?" நான் கத்தரிக்காய் வெட்டினேன்.

ஃபோனில் அவனுக்கு அடித்து அழித்தவை: சுகமா? / சாப்பிட வா / நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கடைசியாக, 5.40க்கு, "மல்லி தியெனவத?" என்று மட்டும் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அவித்த மல்லித்தண்ணி ஆறிப்போனது.

ஒக்டோபர் 18, சனி

தூறல். பல்ப் போட்டாயிற்று. பதில் இல்லை. இன்றுதான் கல்யாணம், நேரம் இருக்காது. எனக்கு நானே சமாதானம்.

பயமாக இருக்கிறது. என்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடுவானோ?

ஒக்டோபர் 19, ஞாயிறு

அவன் குளிக்கிறான். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலை 7.10க்கு மெசேஜ். "தியெனவா. கீழ கேற்றடியில நிக்கிறன். வோச்சர் என்னை ஆர் எண்டு கேக்கிறார். என்னெண்டு சொல்ல?"

நைட்டியோடு பல்கனிக்கு ஓடினேன். மூன்றாம் மாடியிலிருந்து வோச்சருக்குக் கத்தினேன்: "அப்பே மல்லி! அப்பே மல்லி!" எங்கட தம்பி. இந்த முறை சிங்களம் பிழைக்கவில்லை.

மேலே வந்தவன் சூட்கேஸை வைத்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

"முழு லேனுக்கும் கேட்டிருக்கும் அக்கா. சத்தியம் பண்ணினனீ."