நார்மல் என்று நான் எழுதிய தாள்

அம்மா,

இன்று காலை ஒரு நோயாளியின் தொண்டை மரத்துப்போக மருந்தை அடித்தேன். அந்தக் கசப்பு கலந்த வாழைப்பழ வாசனை எழுந்ததும் நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது போலாகிவிட்டது. அதே மருந்துக்கு முகம் சுளித்துவிட்டு, உடனே "பரவால்லீங்க, நீங்க பாருங்க" என்று எனக்கே தைரியம் சொன்னவர் நீங்கள்.

பவானிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, பால் கறந்து ஊற்றிவிட்டு, மகனோடும் மருமகளோடும் கோவைக்கு பஸ் ஏறி வந்திருந்தீர்கள். "ஏனுங்க டாக்டர், சொன்னா நம்போணும். பலமா இருமுனா நாக்காட்டம் ஒண்ணு வாய்க்குள்ள வருதுங்க. முழுங்குனா மறுக்கா உள்ள போயிருது."

உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்தேன். லேசாகத்தான், ஆனால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

வாய் வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி செய்தேன். வழவழப்பான இளஞ்சிவப்புத் தோல்தான் கண்ணில் பட்டது. உணவுக்குழாயின் உச்சியில், தொண்டையை ஒட்டி முளைத்துக் கீழே தொங்கும் ஒரு சதை வளர்ச்சி உண்டு. மிக அபூர்வம், புற்றுநோய் அல்ல. சுற்றியிருக்கும் அதே தோல்தான் அதன் மேலும் போர்த்தியிருக்கும் என்பதால், அவசரமாகக் கடந்துபோகிறவனுக்கு அதுவும் சுவராகவே தெரியும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். 'நார்மல்' என்று எழுதினேன். உங்கள் மகனைத் தனியே அழைத்து, "மனசுதாங்க காரணம், தூங்குறதுக்கு மாத்திரை தர்றேன்" என்றேன்.

எட்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது பாதியாக இளைத்திருந்தீர்கள். மருமகள் செல்போனை நீட்டினார். படத்தில் உங்கள் உதட்டுக்கு வெளியே விரல் நீளத்துக்குச் சதை தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அது மூச்சை அடைத்து, முகம் நீலம் பூத்துவிட்டதாம். ஸ்கேனில் பார்த்தால் நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. அறுவை சிகிச்சை மருத்துவர் கழுத்துப் பக்கம் திறந்து அடியோடு எடுத்தார். பயாப்ஸியில் பயப்பட ஒன்றும் இல்லை.

வாய் வழியாகச் சாப்பிடத் தொடங்கிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கண்ணு, கண்டுபுடிச்சீங்க" என்றீர்கள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதோடு விட்டேனா? மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் உங்கள் படங்களைப் போட்டு விளக்கினேன், முதல் பரிசோதனையை மட்டும் விட்டுவிட்டு. கைதட்டினார்கள். பிறகு வருஷா வருஷம் நீங்கள் காய்ச்சிக் கொண்டுவந்த நெய்யையும் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதாக மருமகள் போனில் சொன்னார். துக்கம் கேட்கத் தோட்டத்துக்கு வந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன்.

"மொதத் தடவையே அது அங்கதான் இருந்துச்சுங்க. நான்தான் சரியாப் பாக்கலை."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த எட்டு மாசமும் அத்தை தனியாத்தானுங்க சாப்பிட்டாங்க. சோத்து முன்னால ஓங்கரிச்சு ஓங்கரிச்சு இருமுவாங்க, எங்களுக்கு அருவருப்பு. வேணும்னே பண்றாங்கன்னு இவரு கண்டபடி பேசிப்போட்டாருங்க. மாட்டு மேல சத்தியம் பண்ணி அழுவாங்க. 'டாக்டரே ஒண்ணுமில்லீன்னு எழுதிக் குடுத்திருக்காரு, இன்னும் என்ன நடிப்பு'ன்னு நாந்தானுங்க உங்க பேப்பரை எடுத்து அவங்க மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்."

சொல்லிவிட்டு அவர் அழுதார்.

இதில் ஒரு வார்த்தைகூட நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. இப்போதெல்லாம் குழாயை வெளியே எடுக்கும் முன் தொண்டையை ஒட்டிய அந்த இடத்தில் நின்று, நிதானமாகச் சுற்றிப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் அதைத் திறமை என்கிறார்கள். நான் சிரித்ததைப் பார்த்த பிறகும், "நீங்க பாருங்க" என்று வாயைத் திறந்து கொடுத்தீர்களே அம்மா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.