கஞ்சி தோய்த்த இழை

பங்காளி,

இன்று காலை பக்கத்து மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட்டார்கள். ரெசின் பசையின் வாசனை சன்னல் வழியே வந்தது. எழுந்துபோய், சாமான் பெட்டியின் அடியில் கிடந்த உன் ரெசின் வில்லையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில், கண்ணாடி இழைத் துணியை ரெசினில் அடுக்கி ஒட்டி பைபர் தொட்டி செய்யக் கிளம்பினோம். நீ ராசிபுரத்துத் தறியை விட்டு வந்தவன். நான் லாரிப் பட்டறையில் பார்த்துப் பார்த்தே கற்றவன். கண்ணாடித் துணியை வெட்டினால் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோல அரிசிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தேன். துணி அட்டை மாதிரி நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை.

நீ மட்டும் நம்பவில்லை. இரண்டு சோடா மூடிகளில் ரெசின் ஊற்றி, ஒன்றில் வெறும் இழையையும் மற்றதில் கஞ்சி இழையையும் நட்டாய். ரெசின் வில்லையாக இறுகியதும் இழை நுனியில் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாய். வெறும் இழை அறுந்தது. கஞ்சி இழை முழுசாக உருவிக்கொண்டு வந்தது.

“அறுந்தா ரெசின் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம். இது வழுக்கிட்டு வந்துருச்சு பாரு. நடுவுல கஞ்சி நிக்குது பங்காளி.”

“தறிக்காரனுக்கே கஞ்சி கசக்குதாக்கும்” என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். தொட்டியை அந்தத் துணியிலேயே முடித்தேன்.

மூன்றாம் வாரம், தொட்டியை வாங்கிப்போன போர்வெல் ரிக் வண்டிக்காரர் திரும்பி வந்தார். தொட்டியின் அடி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. “ஏனுங்க, தொட்டி கேட்டா பரோட்டா போட்டுக் குடுத்துருக்கறீங்க.”

நான் உன்னைக் காட்டினேன். “கலவை இவன் பொறுப்புங்க. ரெசினை இறுக வெக்கிற ஹார்டனரைக் கொறச்சு ஊத்திட்டான்.”

உன் கையில் கஞ்சி இழை உருவி வந்த அந்த வில்லை இருந்தது. நீட்டியிருந்தால் என் பொய் அங்கேயே முடிந்திருக்கும். நீ அதை மேசைமேல் வைத்துவிட்டு, “நான் வாரேன்” என்று கிளம்பினாய். பிறகு எந்தப் பட்டறையிலும் உன்னைக் கலவைக்குச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த தொட்டிக்கே கஞ்சியை நிறுத்தினேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. புதுத் துணி வரும்போதெல்லாம் சோடா மூடியில் உன் சோதனையைச் செய்தேன். கேட்டவர்களிடம் என் யோசனை என்றேன்.

ஏன் பேசாமல் போனாய் என்ற கோபம் இன்றும் எனக்கு உண்டு. அதை விடமாட்டேன். ஆனால் நீ கண்ணை மூடிய அன்று உன் வீட்டு வாசலில் உன் மகன், “அப்பாவோட கூட்டாளிங்களா, உள்ள வாங்க” என்றபோது, செருப்பைக் கழற்ற முடியாமல் வாசலோடு திரும்பினேன்.

வில்லையை வெளிச்சத்தில் பிடித்தால் நூல் உருவிய துளை தெரிகிறது. கலவை சரியாகத்தான் இருந்தது என்று சொல்லி இதை உன் மகனிடம் கொடுக்க வேண்டும். மூன்று முறை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறினேன். மூன்று முறையும் திரும்பக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டேன்.