கேட்டது என்னைத்தான்

மலைமுகாம்
7.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

துரை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பனிக்கு உதடுதான் வெடித்துக் கிடக்கிறது. இந்தப் போஸ்டில் டவர் கிடையாது. என்றைக்காவது சாட்டிலைட் போன் கிடைத்தாலும் பக்கத்தில் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். மனசில் உள்ளதைப் பேச முடியாது. ரேஷன் வண்டியில் போகிற கடிதம்தான் எனக்கு வசதி.

உச்சிமாகாளிக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள் என்று அத்தான் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆடு அவன் மக்காச்சோளத்தில் வாய் வைத்தது என்பதற்காக, ஆட்டை ஓட்ட ஓடி வந்த உன்னை அரிவாளால் வெட்டினான். நீ கையைத் தூக்காமல் இருந்தால் கழுத்து போயிருக்கும். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அவன் இப்போது நம் ஊர் இளையரசனேந்தலில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கிறான். இது என்ன நியாயம் அக்கா?

மாசியில் எனக்கு ஒரு மாதம் லீவு. முதலில் உன்னைப் பார்ப்பேன். அடுத்து அவனைப் பார்ப்பேன். கைக்குக் கை. அதற்குமேல் ஒரு விரல்கூட எனக்கு வேண்டாம்.

செல்வி நன்றாகப் படிக்கிறாளா? அவளுக்கு நான் வாங்கிவைத்த கம்பளிக் குல்லாய் சங்கரன்கோவில் வெயிலுக்கு எதற்கு ஆகும் என்று தெரியவில்லை. கொண்டு வருகிறேன்.

உன் தம்பி,
இசக்கித்துரை

◆

சங்கரன்கோவில்
22.1.2024

என் பாசமுள்ள தம்பி துரைக்கு,

அக்கா எழுதுவது. இடது கை எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று உன் மருமகள் சிரிக்கிறாள். நீ சிரிக்காமல் வாசி. உன் உதட்டுக்கு வெண்ணெய் தடவு. அம்மன் கோவில் புற்றுமண் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஊரை விட்டு இங்கே வந்தது நல்லதாகப் போயிற்று. அத்தானுக்குத் தறி ஷெட்டில் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. எனக்குப் பூ மார்க்கெட்டில் மைதீன் பாட்சா அண்ணாச்சி கடையில் ஏலம் கூறுகிற வேலை. "கை எதுக்கும்மா, ஒன் தொண்டை போதும், புளியங்குடி வரைக்கும் கேக்குது" என்றார் அண்ணாச்சி. ஆடு பத்தின தொண்டை அல்லவா. பிச்சி, மல்லி, கேந்தி என்று காலையில் நான் கூற ஆரம்பித்தால் வியாபாரிகள் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

செல்விக்குச் சடை பின்னுவதுதான் இன்னும் முடியவில்லை. அத்தான் பின்னிவிடுகிறார். நூலைப் பிடித்த கை, என்னைவிட இறுக்கமாகப் பின்னுகிறது. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நீ எழுதியதை அத்தானுக்கு நான் காட்டவில்லை. தம்பி, உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நானும் அவன் கையைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனால் நீ லீவுக்கு வந்தால் என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடு, செல்வியைத் தேரடிக்குக் கூட்டிக்கொண்டு போ. வேறு எங்கேயும் போகாதே. அம்மா அப்பா இல்லாத வீட்டில் எனக்கென்று நீ ஒருத்தன்தான். உன்னைச் சிறைக்கு அனுப்பிவிட்டு அவன் கையை வைத்து நான் என்ன செய்வேன்?

பதில் போடு. மூன்று வரியில் முடிக்காதே.

உன் அக்கா,
கோமதித்தாய்

◆

மலைமுகாம்
9.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புற்றுமண் வந்தது. நெற்றியில் இட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். நீ ஏலம் கூறுவதை இங்கே எல்லோரிடமும் நடித்துக் காட்டினேன். மலையாளத்துப் பையன் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிறைக்குப் போவேனே என்றுதானே பயப்படுகிறாய்? சரி, என்னை விடு. இங்கே உன் கேஸைப் பற்றிப் பேச்சு வந்தது. சில நாடுகளில் சட்டமே அதைச் செய்யுமாம். கண்ணுக்குக் கண், கைக்குக் கை. நீதிபதி எழுதுவார், டாக்டர் பக்கத்தில் நிற்பார். யாரும் யாரையும் ஒளிந்திருந்து வெட்ட வேண்டியதில்லை. கேட்டதும் எனக்கு, அதுதான் முறை என்று பட்டது. நம் ஊரில் என்ன கிடைக்கும்? ஐந்து வருடமோ ஏழு வருடமோ உள்ளே இருப்பான். வேளைக்குச் சோறு தின்பான். பிறகு இரண்டு கையோடு வெளியே வருவான். உனக்கு என்றைக்குக்கா வெளியே வருகிற நாள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அவனை உன் முன்னால் நிறுத்தி, "வெட்டட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதுதான் தீர்ப்பு" என்று கேட்டால் என்ன சொல்வாய்?

உன் தம்பி,
துரை

◆

சங்கரன்கோவில்
26.2.2024

என் பாசமுள்ள தம்பிக்கு,

நீ கேட்டதை என்னிடம் நிஜமாகவே கேட்டுவிட்டார்கள். உன் கடிதம் வந்து இரண்டாம் நாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் மார்க்கெட் முடிந்து வந்து உட்கார்ந்தேன். குருவையா போன் பண்ணினான். என் கொழுந்தன்தான், அத்தானின் தம்பி. ஊரில் மிச்சம் இருக்கிற நம் நிலத்தை அவன்தான் பார்க்கிறான். "மைனி, ஒடனே பொறப்பட்டு வாங்க. அண்ணன்ட்ட சொல்லாண்டாம். அவனப் பிடிச்சி வச்சிருக்கோம்" என்றான். யாரை என்று நான் கேட்கவில்லை. இளையரசனேந்தல் பஸ்ஸைப் பிடித்தேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பஸ்ஸில் போகும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி தலையைக்கூட ஒதுக்கிக்கொண்டேன்.

குருவையாவும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் நம் பம்புசெட் ரூம் பக்கத்தில் உச்சிமாகாளியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வலது கையை மட்டும் நீட்டி, தண்ணித்தொட்டிச் சுவர் மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். குருவையா கையில் அரிவாள்.

"ஒரு வார்த்த சொல்லுங்க மைனி. இப்பமே முடிச்சிருதேன்" என்றான்.

உச்சிமாகாளி அழுவான், காலில் விழுவான் என்று நினைத்துத்தான் போனேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டினதற்குப் பிறகு அவன் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை போல.

"வெட்டச் சொல்லு தாயி. என்னன்னாலும் வெரசலாச் சொல்லிரு, இப்படி வச்சிட்டு நிக்க முடியல" என்றான்.

எனக்கு வாயில் வந்துவிட்டது தம்பி. "வெட்டு" என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் குருவையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வேர்த்து ஊற்றியது. கண் நிலைகொள்ளவில்லை. உதடு தன்னால் ஆடியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அன்றைக்கு மக்காச்சோளத்துக்குள் என்னை நோக்கி ஓடி வந்தபோது உச்சிமாகாளிக்கு இருந்த முகம். அச்சு அசல் அதே முகம்.

நம் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் வந்து பந்தி பரிமாறுகிற பிள்ளை. போன மாதம்தான் பெண் பார்த்துவிட்டு வந்தோம்.

"ஏலே குருவையா, அருவாளக் கீழ போடு" என்றேன்.

"என்ன மைனி சொல்லுதிய? ஒங்க கைக்காகத்தான…"

"எங் கைக்குன்னா நாந்தாம்லே வெட்டணும். என்னால முடியாது. அதுக்கு ஓங் கைய நான் இரவல் வாங்க மாட்டேன். போடுலே கீழ."

அவன் கூட்டாளி ஒருத்தன், "பொம்பளையக் கூப்பிட்டது தப்பாப் போச்சி" என்று முணுமுணுத்தான். குருவையா அரிவாளைப் போட்டுவிட்டுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கயிற்றை அவிழ்க்க யாரும் வரவில்லை. நான்தான் இடது கையாலும் பல்லாலும் அவிழ்த்தேன். அதற்குள் பொழுது போய்விட்டது. அவ்வளவு நேரமும் உச்சிமாகாளி மூச்சு விடுகிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது.

அவிழ்த்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "ஒன்ன நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராத. கோர்ட்டுக்கு வா. எல்லாருக்கும் முன்னால ஓம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதேன்."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாகத் தூங்கினேன், தம்பி. வெட்டுப்பட்ட பிறகு அப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்ததில்லை.

உன் கேள்விக்கு இதுதான் பதில். நீ எப்போது வருகிறாய்? அயிரை மீன் கிடைக்கிற காலம் இது.

உன் அக்கா,
கோமதித்தாய்

◆

சங்கரன்கோவில்
19.8.2024

அன்புத் தம்பி துரைக்கு,

மாசி போய், பங்குனி போய், ஆடித்தபசும் முடிந்துவிட்டது. நீ லீவுக்கு வரவில்லை. என் மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. அத்தானுக்கு மட்டும் "நலம்" என்று ஒரு வார்த்தை எழுதினாயாம். அந்த நலத்தில் எனக்குப் பங்கு இல்லையா?

கேஸ் முடிந்துவிட்டது. கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வக்கீல், "ஆட்டை வேண்டுமென்றேதானே விட்டீர்கள்?" என்று கேட்டார். "ஆட்டுக்கு வேணும்னுதான் இருந்துச்சி சார், எனக்கு இல்ல" என்றேன். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் அம்மா என் கையைப் பார்க்க வேண்டும் என்றார். சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினேன். உச்சிமாகாளி குனிந்துகொண்டான். "அவனப் பாக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். ஜட்ஜ் அம்மா சொல்லவில்லை, ஆனால் அவனாகவே நிமிர்ந்து பார்த்தான். எனக்கு அது போதும் என்று பட்டது.

ஏழு வருடம் கொடுத்திருக்கிறார்கள். நீ சொன்னது சரிதான், சோறு தின்றுவிட்டு இரண்டு கையோடு வருவான். வரட்டும்.

குருவையாவுக்கு ஆவணியில் கல்யாணம். பந்தலில் மச்சான் இடத்தில் நிற்க ஆள் இல்லை. உன் கோபத்தைக்கூட எழுது தம்பி. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா,
கோமதித்தாய்

◆

மலைமுகாம்
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தையே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

மாசி லீவு வேண்டாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஊருக்கு வந்தால் உன்னிடம் கத்துவேன் என்று பயந்தேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இங்கே இருந்தேன். அவனைக் கட்டி வைத்தபோதும் இங்கேதான் இருந்தேன். எனக்காக ஒரு வேலைதான் மிச்சம் இருந்தது. அதையும் நீ பல்லால் அவிழ்த்துவிட்டாய். அதை வாசித்த அன்று கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு பனியில் தேடி எடுத்தேன்.

குருவையா முகம் மாறியது என்று எழுதினாய். மாறத்தான் செய்யும், அவன் பால் கறக்கிறவன். சட்டம் செய்தால் அதற்கு முகம் கிடையாது, கையும் நடுங்காது. நான் துப்பாக்கி பிடித்து நிற்கிறேன். உத்தரவு வந்தால் சுடுவேன். அதனால் நான் உச்சிமாகாளி ஆகிவிடுவேனா? வெட்டினவனுக்கு வெட்டுத்தான் நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். இதை நான் மாற்றிக்கொண்டதாக நினைக்காதே.

ஆனால் இத்தனை மாதம் யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிந்தது. போனது என் கை இல்லை. கேட்டது உன்னைத்தான், வேண்டாம் என்று சொன்னதும் நீதான். அதற்குமேல் நான் அரிவாளைத் தூக்கினால் அது உனக்காக இருக்காது. அவனை நான் தொட மாட்டேன். ஏழு வருடம் கழித்து அவன் என் எதிரே வந்தாலும் தொட மாட்டேன். இது உன் தம்பி கொடுக்கிற வாக்கு.

ஆட்டுக்கு வேணும்னு இருந்துச்சி என்றாயே, அதை வாசித்துத் தனியாகச் சிரித்தேன். பொங்கலுக்கு வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. குருவையாவிடம் கல்யாணத்துக்கு வராத மச்சானை வையச் சொல்.

உன் தம்பி,
இசக்கித்துரை

◆

சங்கரன்கோவில்
18.12.2024

என் செல்லத் தம்பி துரைக்கு,

உன் கடிதம் வந்த நேரம் நான் மார்க்கெட்டில் இருந்தேன். மைதீன் பாட்சா அண்ணாச்சி கடையிலேயே பிரித்து வாசித்தேன். "என்னம்மா, ஏலத்த நிறுத்திட்டு அழுதே? மல்லி வெல ஏறிருச்சின்னா?" என்றார். "எந் தம்பி வாரான் அண்ணாச்சி" என்று கத்தினேன். மார்க்கெட்டுக்கே தெரிந்துவிட்டது.

பனியில் பூ குறைந்து விலை எங்கேயோ போகிறது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, கருப்பட்டிக் காப்பியில் ஓடுகிறது. குருவையாவும் அவன் பெண்டாட்டி வள்ளித்தாயும் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல பெண். அந்தப் பம்புசெட் நாளைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. போகும்போது மட்டும், "வாரேன் மைனி" என்று சொல்லிவிட்டு என் இடது கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். வள்ளித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீ எழுதியதை இரண்டு மூன்று நாள் யோசித்தேன். சட்டத்துக்கு முகம் இல்லை, கையும் நடுங்காது என்கிறாய். குருவையாவுக்கு முகம் இருந்ததால்தான் அன்றைக்கு நான் நிறுத்தினேன். முகம் இல்லாத சட்டம் வந்து கேட்டிருந்தால் "வெட்டு" என்று சொல்லியிருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஆனால் நீ படித்தவன், நாலு ஊர் பார்த்தவன். உன்னை ஜெயிக்க நான் இதை எழுதவில்லை. நீ உன் பக்கம் இரு, நான் என் பக்கம் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே இலையில் சோறு போடுகிறேன்.

இன்னொன்றும் உனக்கு மட்டும் சொல்கிறேன், அத்தானிடம் சொல்லிவிடாதே. இந்த மார்கழியில் எழுந்ததும் வெட்டுப்பட்ட இடம் குளிருக்கு அப்படி இழுத்து வலிக்கிறது. இல்லாத விரல் எல்லாம் வலிக்கிறது. அப்போதெல்லாம் நான் உன் கட்சிதான். அவன் கையைத் தொட்டிச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று அடுப்படியில் நின்று பல்லைக் கடிப்பேன். பிறகு பால் பொங்கும். செல்வி சடைக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவைத் தேடிப் போவாள். நான் என் கட்சிக்குத் திரும்பி வந்துவிடுவேன்.

அதனால் பொங்கலுக்கு வந்து இதைப் பேசுவதாக இருந்தால், காலையில் எழுந்ததும் எடுக்காதே, காப்பி குடித்த பிறகு பேச்சை எடு.

உன் அக்கா,
கோமதித்தாய்