ஆற்றில் விடாத வேட்டி

என்னை விட்டுட்டுப் போன என் மகராசருக்கு,

நேத்து உங்க முதல் வருச திதிக்குப் பாபநாசம் போனோம். அங்கன நடந்ததை உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும். கோவப்படுவியளோ, சிரிப்பியளோ, தெரியல.

பள்ளிக்கூடத்துல சேவை வேலைன்னாலே நம்ம பேத்தி கோமதி வயித்துவலின்னு படுத்துக்கிடுவாளே, ஞாபகம் இருக்கா? இந்த வருசம் வந்த டீச்சர், "நான் வேலை சொல்ல மாட்டேன். எதைப் பார்த்தா உங்களுக்குப் பொறுக்கலையோ, அதை எழுதிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. இவ ஒரே வரிதான் எழுதினா: "தாத்தா காரியத்தன்னைக்கு ஆத்துல என் காலைச் சுத்தின பழஞ்சேலை."

அதுலேருந்து ஞாயித்துக்கிழமைதோறும் ஏழு பிள்ளைகளோட படித்துறையில நிக்கா. திதி குடுக்க வாரவங்ககிட்ட, செத்தவங்க துணியை ஆத்துல விடாம எங்க கையில தாங்கன்னு கேக்கா. தெருவெல்லாம் பெருமையாச் சொன்னேன். ஆனா நேத்துக் கிளம்பையில உங்க வேட்டி என் பையில இருந்ததை அவகிட்ட சொல்லல. அதை விட்டாத்தான் உங்களுக்கு நிம்மதின்னு நம்பிக் கிடந்தவ நான். ஊருக்குத்தானே அந்தப் பேச்சு, நமக்கு இல்லையேன்னு நெனச்சுட்டேன்.

நேத்து ஒருத்தர் ஈரத்துண்டோட அவகிட்ட கத்துதாரு. "ஏட்டி, எங்கப்பாவுக்குச் செய்யுததைத் தடுக்க நீ யாரு?"

"தடுக்கல மாமா. துணியை மட்டும் எங்க கையில தாங்க."

"உன் வீட்டுல ஒண்ணு நடந்தா அப்பத் தெரியும்!"

"இன்னைக்கு எங்க தாத்தா திதிதான் மாமா. அந்தா, எங்க ஆச்சி நிக்காங்க."

கையை நீட்டித் திரும்பினா. நான் முழங்கால் தண்ணியில நிக்கேன். உங்க வேட்டி பாதி நனைஞ்சு கையில தொங்குது.

"நல்லாப் பாரு, உங்க ஆச்சி என்ன செய்யுதான்னு!" படித்துறையே சிரிச்சுது. "வா கோமு, போயிருவோம்"னு கூட நின்ன பிள்ளை அவ கையைப் பிடிச்சு இழுத்தா. இங்கன ஆறு வேட்டியை இழுக்கு. விட்டா உங்களுக்குச் செய்ய வேண்டிய கடன் தீரும். விட்டா கோமதி இனிமே இந்தப் படித்துறைக்கு வரமாட்டா. நீங்க ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?

விடல. பிழிஞ்சு தோள்ல போட்டுட்டுப் படியேறி அவ கையில குடுத்தேன். அந்த மனுசன் தன் துணியைத் தரல. ஆத்துலயும் விடல. முணங்கிக்கிட்டே பையில திணிச்சுட்டுப் போனாரு.

பஸ்ல கோமதி அம்பாசமுத்திரம் தாண்டினப்புறம், "ஏன் ஆச்சி என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டா.

அவ வீட்டுக்குக் கொண்டாந்த வேட்டி இப்பக் கொடியில காயுது. அங்கன உங்களுக்குக் குறை ஒண்ணும் இல்லையே? இருந்தா என் மேல கோவப்படுங்க, பிள்ளை மேல வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை நானும் அவகூடப் படித்துறையில நிப்பேன். கத்துதவங்ககிட்ட உங்க வேட்டி கதையை என் வாயாலயே சொல்லுவேன்.

உங்களுக்கு வாக்கப்பட்டவ,
கோமதிக்கு ஆச்சி,
பேச்சியம்மாள்