மூன்றாம் ஓலை

காக்ஸ் டவுன், பெங்களூரு
30-5-2024

அன்பு மகள் ஐரினுக்கு,

அப்பா எழுதுவது. பதினோரு வருஷமாக என் போனை நீ எடுப்பதில்லை. தபாலையாவது திருப்பி அனுப்பமாட்டாய் என்று எழுதுகிறேன்.

உன் அம்மா போய் நாலு வருஷம். தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துவிட்டது. நம் கோயில் பாடகர் குழுவில் இருக்கும் மௌரீனை மணக்கப் போகிறேன். வரும் ஞாயிறு தொடங்கி மூன்று வாரம் கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். பிறர் வாயால் நீ கேள்விப்படக் கூடாது.

ஓலைக்கு இங்கிலீஷில் 'பான்ஸ்' என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு மேலான சொல். முதலில் அதற்கு எல்லாரையும் கூப்பிட்டு அறிவிப்பது என்றுதான் பொருள். சாபம், தடை என்ற பொருள்கள் அந்தச் சொல்லில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. வாத்தியார் புத்தி, விடமாட்டேன் என்கிறது.

வா அம்மா.

அலெக்சாண்டர்


ஹெப்பகோடி
5-6-2024

அப்பாவுக்கு,

சின்ன வயதில் சோறு கேட்டால்கூட ஒரு சொல்லின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போடுவீர்கள். இப்போது கேட்க எனக்குத் தெம்பில்லை.

என் மூன்றாம் ஓலையன்று முன் பெஞ்சிலிருந்து எழுந்தது யார்? "இவன் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவன், எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றீர்கள். சுஹாஸ் அன்று போட்டிருந்த புதுச் சட்டையை அப்புறம் போடவேயில்லை. நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டபோது அம்மா மட்டும்தான் வந்தாள். அதற்கு எந்த அகராதியில் பொருள் பார்ப்பது?

ஐரின்


காக்ஸ் டவுன்
9-6-2024

ஐரினுக்கு,

இன்று இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நீ எழுதியது சரி. அன்று விசுவாசம் என்று சொல்லிக்கொண்டேன். ஜாதிதான் காரணம். மௌரீனிடம் இதைச் சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்ன, மககிட்ட சொல்லுங்க" என்றாள். அதனால் சொல்கிறேன். மன்னித்துவிடு. சுஹாஸிடமும் சொல்.

எனக்குத் தடை சொல்ல உரிமை உள்ளவள் நீ ஒருத்திதான். அடுத்த ஞாயிறு வந்து சொல். ஏற்றுக்கொள்கிறேன்.

அப்பா


ஹெப்பகோடி
17-6-2024

அப்பாவுக்கு,

நேற்று இரண்டு பஸ் மாறி நானும் சுஹாஸும் வந்திருந்தோம். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

போதகர் தடை உண்டா என்று கேட்டு நிறுத்தியபோது நீங்கள் திரும்பி வாசலைப் பார்த்தீர்கள். மிகவும் இளைத்துவிட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியிருந்ததும் அவ்வளவுதான் அப்பா, பேசாமல் உட்கார்ந்திருப்பது.

மௌரீன் ஆன்ட்டி நன்றாகப் பாடினார்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். கல்யாணத்துக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

ஐரின்